லிட்டில் நைட்மேர்ஸ்: ஒளிதலும் புதிரும் – ஒரு மதிப்பீடு

லிட்டில் நைட்மேர்ஸ், சுவீடனின் மால்மோ நகரைச் சேர்ந்த டார்சியர் ஸ்டுடியோஸ் உருவாக்கி, ஜப்பானின் பண்டாய் நாம்கோ நிறுவனம் 2017 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட வீடியோ கேம் ஆகும். கணினி, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றில் முதலில் வெளியானது. 2018இல் நிண்டெண்டோ சுவிட்சிலும், 2023இல் கைப்பேசிகளிலும் கிடைத்தது. இதன் இரண்டாம் பாகம் 2021 பிப்ரவரியில் வந்தது. மூன்றாம் பாகத்தை 2025இல் சூப்பர்மாசிவ் கேம்ஸ் என்ற வேறொரு நிறுவனம் உருவாக்கியது.

ஒளிந்து செல்லும் திகில் புதிர் விளையாட்டு என்ற வகையில் இது அடங்கும். இவ்வகையில் ஆட்டக்காரரின் கையில் பெரும்பாலும் ஆயுதம் இருக்காது. எதிரியை வெல்ல முடியாது; அவன் கண்ணில் படாமல் கடந்து போக வேண்டும். கடந்து போகும் வழி ஒரு புதிரால் அடைக்கப்பட்டிருக்கும். இந்த மூன்று கூறுகளும் ஒன்றோடொன்று எளிதில் ஒத்துப்போவதில்லை. அச்சம் மனிதரை ஓடச் சொல்கிறது. ஒளிதல் அசையாமல் இருக்கச் சொல்கிறது. புதிர் நிதானமாக யோசிக்கச் சொல்கிறது. எனவே இவ்வகை விளையாட்டு ஒன்றை மதிப்பிடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எவ்வளவு பயமுறுத்துகிறது என்பதன்று. பயந்திருக்கும் ஒருவருக்கு அது தன் விதிகளை எவ்வாறு கற்றுக்கொடுக்கிறது என்பதே. அந்தக் கேள்விக்கு லிட்டில் நைட்மேர்ஸ் பெரும்பாலும் நல்ல விடை தருகிறது. சில இடங்களில் தவறவும் செய்கிறது.

கதைக்களம்

மஞ்சள் மழைச்சட்டை அணிந்த சிக்ஸ் என்ற சிறுமி, 'மோ' எனப்படும் மாபெரும் கடல் கலத்தின் அடித்தளத்தில், ஒரு பெட்டிக்குள் தூக்கத்திலிருந்து விழிக்கிறாள். பெரும்பசி கொண்ட விலங்கின் வாயையும் வயிற்றையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே கலத்தின் பெயர். சிறை, ஜானிட்டரின் இருப்பிடம், சமையலறை, விருந்துக் கூடம், சீமாட்டியின் மாளிகை என ஐந்து பகுதிகளைக் கடந்து அவள் மேலே ஏறி வெளியேற வேண்டும். அவளிடம் இருப்பது ஒரு சிகரெட் லைட்டர் மட்டுமே. கதையில் உரையாடல் இல்லை; கதை சொல்லும் எழுத்தும் இல்லை. கதையும் விதிகளும் காட்சியாலும் ஓசையாலும் மட்டுமே சொல்லப்படுகின்றன. அதனால் ஆங்கிலம் அறியாத ஒருவரும் இதை முழுமையாக விளையாடிப் புரிந்துகொள்ளலாம்.

சிக்ஸின் உயரம் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நாற்காலி அவளுக்கு ஒரு சுவர். மேசைக்கு அடி ஒரு கூடாரம். கதவின் கைப்பிடி எட்டாத உயரத்தில் இருக்கிறது. பெரியவர்களுக்காகக் கட்டப்பட்ட வீட்டில் ஒரு குழந்தை எப்படி நடமாடுமோ அப்படித்தான் அவள் நடமாடுகிறாள். விளையாட்டின் அச்சமும் புதிரும் இந்த ஒரே அளவு வேறுபாட்டிலிருந்து பிறக்கின்றன.

எதிரிகளும் புலன்களும்

லிட்டில் நைட்மேர்ஸின் தலைசிறந்த அம்சம், ஒவ்வோர் எதிரிக்கும் வேறு வேறு புலனைக் கொடுத்திருப்பது. எதிரி மாறும்போது ஒளியும் முறையும் மாறியாக வேண்டும்.

முதல் பகுதியில் ஒரு பெரிய கண்ணிலிருந்து ஒளிக்கற்றை வீசுகிறது. அதில் அகப்பட்டால் சிக்ஸ் கல்லாகிவிடுவாள். இங்குள்ள விதி எளிது: ஒளி ஆபத்து, நிழல் பாதுகாப்பு. கண் எந்த வேகத்தில் திரும்புகிறது, எந்தப் பொருளின் நிழல் எதுவரை விழுகிறது என்று நின்று பார்த்தால் போதும்.

அடுத்து வரும் ஜானிட்டர் நீண்ட கைகளும் குட்டைக் கால்களும் கொண்டவன். அவனுக்குக் கண் தெரியாது. ஓசையைக் கேட்டும் கைகளால் தடவியும் தேடுகிறான். முதல் பகுதியில் கற்ற நிழல் விதி இங்கே உதவாது. இருட்டில் நின்றாலும் பலகை கிறீச்சிட்டால் அவன் கை நீண்டு வந்துவிடும். குனிந்து நடப்பதும், ஓசை எழாத தரையைத் தேர்வதுமே வழி. ஒரு விதியைக் கற்பித்து, உடனே அதைப் பயனற்றதாக்கி, இன்னொன்றைக் கற்க வைக்கும் இந்த வரிசை நன்கு திட்டமிடப்பட்டது. ஆட்டக்காரர் பழக்கத்தால் முன்னேற முடியாது; கவனித்தே ஆக வேண்டும்.

சமையலறையில் இரட்டைச் சமையற்காரர்களுக்குக் கண் தெரியும். ஆனால் அவர்கள் வேலையில் மூழ்கியவர்கள். அவர்கள் முதுகு காட்டும் நேரம், மேசைக்கடியில் உள்ள இடைவெளி, ஓடி நுழையக்கூடிய அலமாரி ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். விருந்துக் கூடத்தில் விதி மீண்டும் மாறுகிறது. உணவை வாரி விழுங்கும் பருத்த விருந்தாளிகள் சிக்ஸைப் பார்த்ததும் அவளையும் உணவாகவே கருதி உடலை இழுத்துக்கொண்டு பாய்கிறார்கள். அங்கே ஒளிவதைவிட ஓடுவதே தேவைப்படுகிறது.

ஒளிந்து விளையாடும் வேறு புகழ்பெற்ற ஆட்டங்களோடு ஒப்பிட்டால் இந்த அணுகுமுறையின் தனித்தன்மை தெரியும். 2010இல் வெளியான அம்னீசியா: தி டார்க் டிசென்ட் ஆட்டத்தில் இருட்டில் இருப்பதும் பூதத்தைப் பார்ப்பதுமே நாயகனின் மனநிலையைக் குலைக்கும். ஒளிவதற்கு இருட்டு வேண்டும்; இருட்டோ மனத்தைச் சிதைக்கும். 2014இல் வெளியான ஏலியன்: ஐசோலேஷன் ஆட்டத்தில் நகர்வு காட்டும் கருவி ஆட்டக்காரருக்கு உதவுகிறது, ஏலியன் அருகில் இருந்தால் அதே கருவியின் ஓசை அவரைக் காட்டியும் கொடுக்கிறது. இவை இரண்டும் ஓர் எதிரியை அல்லது ஒரு விதியை ஆழப்படுத்துகின்றன. லிட்டில் நைட்மேர்ஸ் விதிகளை ஆழப்படுத்துவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுகிறது. சில மணி நேரத்தில் முடிந்துவிடும் சிறிய ஆட்டத்துக்கு அது பொருத்தமான தேர்வு.

புதிர்களின் தன்மை

இதன் புதிர்கள் கடினமானவை அல்ல. மேசை இழுப்பறைகளை வெளியே இழுத்துப் படிகளாக்குவது, பெட்டியைத் தள்ளிக் கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்குவது, எட்டாத பொத்தானின் மேல் பொருளை எறிவது போன்ற செயல்களே பெரும்பாலும் வருகின்றன. சமையலறையில் இறைச்சித் துண்டுகளை அரவைப் பொறியில் போட்டு, வெளியே வரும் சாசேஜ் சரத்தைக் கயிறாகப் பற்றி ஊசலாடிக் கடக்கும் புதிர் பலருக்கும் நினைவில் நிற்பது.

இவற்றைத் தீர்க்கத் தேவையான அறிவு வீட்டுப் பொருள்களைப் பற்றிய அறிவுதான். இழுப்பறை இழுபடும், சங்கிலி தொங்கும், கனமான பொருள் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். விடை ஆட்டக்காரரின் கண்முன்னே இருக்கிறது. அச்சம்தான் அதைப் பார்க்கவிடாமல் செய்கிறது. பயந்திருப்பவருக்குக் கொடுக்கும் புதிர் இந்த அளவில் இருப்பதே நியாயம்.

இதன் சிறந்த எடுத்துக்காட்டு இறுதிப் பகுதியில் உள்ளது. சீமாட்டியின் மாளிகையில் கண்ணாடிகள் உடைந்து கிடக்கின்றன. அவள் உடைந்த கண்ணாடியின் முன் அமர்ந்து மெட்டு ஒன்றை முணுமுணுக்கிறாள். தன் பிம்பத்தை அவளால் தாங்க முடியவில்லை என்பதை அறையே சொல்லிவிடுகிறது. பின்னர் உடையாத கண்ணாடி ஒன்று சிக்ஸின் கையில் கிடைக்கும்போது, அதை என்ன செய்ய வேண்டும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அலங்காரமாகத் தோன்றிய பொருளே விடையின் குறிப்பாக இருந்திருக்கிறது.

ஓர் ஒப்பீடு: ஹலோ நெய்பர்

விதிகளைக் கற்பிக்கத் தவறினால் என்னவாகும் என்பதற்கு, அதே 2017இன் டிசம்பரில் முழுமையாக வெளியான ஹலோ நெய்பர் சான்றாகிறது. டைனமிக் பிக்சல்ஸ் உருவாக்கி டைனிபில்ட் வெளியிட்ட இந்த ஆட்டத்தின் கரு கவர்ச்சியானது. எதிர்வீட்டுக்காரர் தன் நிலவறையில் எதையோ பூட்டி வைத்திருக்கிறார். ஒரு சிறுவன் அவர் வீட்டுக்குள் நுழைந்து அதைக் கண்டறிய வேண்டும். ஆட்டக்காரர் எந்த வழியை அடிக்கடி பயன்படுத்துகிறாரோ அங்கே வீட்டுக்காரர் கரடிப்பொறியும் கேமராவும் வைத்துவிடுவார். எதிரியும் கற்றுக்கொள்கிறார் என்பதே இதன் புதுமை.

குறை புதிர்களில் இருக்கிறது. மூன்றாம் பகுதியில் உலக உருண்டை ஒன்றை உறைபெட்டியில் வைத்தால் வெளியே எங்கும் பனி படர்ந்துவிடும். கற்பனையாக இது அழகானது. ஆனால் இந்த வீட்டில் பொம்மைக்கு நேர்வது உலகுக்கும் நேரும் என்று அதற்கு முன் எந்த இடமும் ஆட்டக்காரருக்குக் கற்பிக்கவில்லை. எனவே விடையைக் கண்டவர் யோசித்துக் கண்டிருக்க மாட்டார். எல்லாப் பொருளையும் எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்துக் கண்டிருப்பார், அல்லது பிறர் விளையாடிய காணொளியைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார். அப்படித் தேடிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் வந்து பிடித்துவிடுகிறார். பலமுறை பிடிபட்ட பின் அச்சம் போய் எரிச்சல் மட்டுமே மிஞ்சுகிறது.

இரு ஆட்டங்களிலும் தோல்வி அடிக்கடி நேர்கிறது. வேறுபாடு, தோல்விக்குப் பின் என்ன கிடைக்கிறது என்பதில் இருக்கிறது. ஜானிட்டரிடம் பிடிபட்டவர் 'அந்தப் பலகை ஓசையிடும்' என்று தெரிந்துகொண்டு திரும்புகிறார். எதிர்வீட்டுக்காரரிடம் பிடிபட்டவர் பல நேரங்களில் ஒன்றும் தெரியாமலே திரும்புகிறார். விடைத்தாளில் தவறு எங்கே என்று குறித்துத் தருவதற்கும், மதிப்பெண்ணை மட்டும் போட்டுத் தருவதற்கும் உள்ள வேறுபாடு இது.

குறைகள்

லிட்டில் நைட்மேர்ஸும் தன் அளவுகோலில் எல்லா இடத்திலும் தேறுவதில்லை. ஆட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறோம்; ஆனால் சிக்ஸ் திரைக்குள் முன்னும் பின்னுமாகவும் நகர முடியும். அதனால் ஒரு குறுகிய பலகையின் நடுவில் நிற்கிறாளா, விளிம்பில் நிற்கிறாளா என்று கண்ணால் உறுதிசெய்ய முடியாத தருணங்கள் வருகின்றன. அங்கே விழுந்து இறப்பவர் எதையும் கற்பதில்லை. விதி தெரிந்தும், திட்டம் சரியாக இருந்தும், ஆழம் தெரியாமல் விழுகிறார். அடுத்த முயற்சிக்காகத் திரை மீளும்வரை காத்திருக்கும் நேரம் இந்த எரிச்சலைக் கூட்டுகிறது.

இரண்டாம் பாகத்தில் வேறொரு குறை சேர்கிறது. அதன் ஒளிதல் காட்சிகள் முதல் பாகத்தைவிடவும் நுட்பமானவை. பள்ளிக்கூடத்தில் கழுத்தை நீட்டித் தேடும் ஆசிரியை, மருத்துவமனையில் கைவிளக்கின் ஒளி பட்டால் அசையாமல் நின்று இருட்டில் மட்டும் நகரும் பொம்மை உருவங்கள் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. முதல் பாகம் ஒளியை ஆபத்தாக அறிமுகப்படுத்தியது; இரண்டாம் பாகம் ஒளியையே கேடயமாக்கி அந்த விதியைத் தலைகீழாக்குகிறது. ஆனால் நாயகன் மோனோ கோடரியையோ சுத்தியலையோ தூக்கி அடிக்கும் சண்டைகள் இந்த நுட்பத்தோடு ஒட்டவில்லை. கனமான கருவியை ஓங்க நேரமாகும். நொடி தவறினால் மரணம். கவனிப்புக்குப் பரிசளித்து வந்த ஆட்டம் அங்கே விரல் வேகத்துக்குப் பரிசளிக்கத் தொடங்குகிறது.

பசி என்னும் கட்டுப்பாடற்ற விதி

இந்த ஆட்டத்தில் ஆட்டக்காரரால் கற்றுத் தப்பிக்க முடியாத ஒன்று உண்டு. அது சிக்ஸின் பசி. குறிப்பிட்ட இடங்களில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுகிறாள். முதலில் கூண்டுக்குள் இருக்கும் சிறுவன் ஒருவன் எறியும் ரொட்டியைத் தின்கிறாள். பிறகு பொறியில் வைத்த இறைச்சி. பிறகு உயிருள்ள எலி. நான்காம் முறை, கூம்புத் தொப்பி அணிந்த நோம் என்னும் சிற்றுயிர் அவளுக்குச் சாசேஜை நீட்டுகிறது. அவள் சாசேஜை விட்டுவிட்டு நோமைத் தின்றுவிடுகிறாள். இறுதியில் சீமாட்டியையும்.

இந்தத் தருணங்களில் ஆட்டக்காரருக்குத் தேர்வு இல்லை. நோமைக் காப்பாற்றும் பொத்தான் எதுவும் கிடையாது. அதுவரை ஒவ்வொரு தவறும் ஆட்டக்காரருடையது, ஒவ்வொரு வெற்றியும் அவர் கற்றதன் பயன் என்று பழக்கிவிட்டு, மிகக் கொடிய செயலில் மட்டும் அவரை வெறும் பார்வையாளராக்குகிறது ஆட்டம். இது நியாயமா என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆட்டக்காரரை ஏமாற்றும் உத்தி என்று இதைக் குறை சொல்லலாம். ஆனால் கதையைப் பின்னோக்கிப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். ஒவ்வொரு பசிக்கும் முன்பாக ஆட்டக்காரர் அவளைப் பத்திரமாக அந்த இடத்துக்குக் கொண்டு சேர்த்திருக்கிறார். ஓசையில்லாமல் நடக்கவும், மறைந்து நெருங்கவும், இரக்கமில்லாத இடத்தில் பிழைக்கவும் அவர் கற்றதெல்லாம் சிக்ஸும் கற்றதே. விழுங்குவோரிடமிருந்து தப்பிக் கற்றவள் கடைசியில் விழுங்குகிறாள்.

பின்னர் வந்த 'சீக்ரெட்ஸ் ஆஃப் தி மோ' என்ற கூடுதல் பகுதி இந்தக் காட்சியை இன்னும் கனமாக்குகிறது. அதில் தப்பி ஓடும் வேறொரு சிறுவனாக விளையாடுகிறோம். அவன் முடிவில் நோமாக மாற்றப்பட்டு, அந்தச் சாசேஜ் அருகே வந்து நிற்கிறான். முதன்மை ஆட்டத்தை முடித்தவருக்கு அடுத்து நடக்கப்போவது என்னவென்று தெரியும். இதன் பிறகு, நோமைப் பற்றிய அந்த ஒரு காட்சியை வெறும் அதிர்ச்சிக்காக வைத்தது என்று ஒதுக்கிவிட முடிவதில்லை.

விளையாடுவோருக்கான குறிப்புகள்

மேலே கூறிய அமைப்பைப் புரிந்துகொண்டால், தனித்தனி விடைகளைத் தேடாமலே இந்த ஆட்டத்தையும் இதையொத்த பிற ஆட்டங்களையும் விளையாட முடியும்.

1. புதிய எதிரியைக் கண்டதும் அவன் எதனால் தேடுகிறான் என்று முதலில் கண்டறிய வேண்டும்: கண்ணாலா, காதாலா, ஒளியாலா? ஒளியும் முறை அதிலிருந்தே கிடைக்கும்.

2. எதிரியின் சுற்றுப்பாதையை ஒருமுறை முழுதாகப் பார்த்த பிறகே நகர வேண்டும். எங்கே திரும்புகிறான், எங்கே நிற்கிறான் என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

3. ஒரு மறைவிடத்திலிருந்து புறப்படும் முன் அடுத்த மறைவிடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நடுவழியில் யோசிப்பதே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம்.

4. குனிந்து நடப்பது ஓசையைக் குறைக்கும், வேகத்தையும் குறைக்கும். எதிரி தொலைவில் இருக்கும்போதும் குனிந்தே போனால் நேரம் வீணாகி, அவன் திரும்பி வந்துவிடுவான்.

5. காதொலிக் கருவி அணிந்து விளையாடுவது நல்லது. திரைக்கு வெளியே இருக்கும் எதிரியை ஓசைதான் காட்டிக்கொடுக்கும்.

6. பிடிபட்டதும் அதே வழியில் உடனே ஓடக் கூடாது. எதனால் பிடிபட்டோம் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் இன்னும் கவனிக்க வேண்டியது இருக்கிறது என்று பொருள்.

7. தொங்கும்போதும் ஏறும்போதும் பற்றும் பொத்தானை விடாமல் அழுத்தியிருக்க வேண்டும். குறுகிய பலகைகளில் ஓடாமல், சிக்ஸின் நிழல் விழும் இடத்தைப் பார்த்து நடக்க வேண்டும்.

8. புதிரில் தேங்கினால், அறையில் நகரக்கூடிய, இழுபடக்கூடிய பொருள்கள் எவை என்று எண்ணிப் பார்க்கலாம். எதிரி இல்லாத அறைகளில் அவசரம் எதுவும் இல்லை. நின்று சுற்றிப் பார்க்கும் நேரம் அதுவே.

9. துரத்தல் காட்சிகளில் இந்த நிதானம் உதவாது. அங்கே திரும்பிப் பார்க்காமல், ஒளி தெரியும் திசையிலும் திறந்த வழியிலும் ஓடுவதே சரி.

10. விடை சொல்லும் காணொளிகளை முதல் முயற்சியிலேயே பார்ப்பது ஆட்டத்தின் பயனைக் குறைக்கும். பத்து, பன்னிரண்டு முறை முயன்றும் தோல்விக்குக் காரணம் புரியாவிட்டால் பார்ப்பதில் தவறில்லை. அப்போது பிழை ஆட்டத்தின் அமைப்பிலும் இருக்கலாம்.

வயது வரம்பையும் கவனிக்க வேண்டும். படங்களில் சிறுமியையும் மழைச்சட்டையையும் பார்த்து இது சிறு குழந்தைகளுக்கான ஆட்டம் என்று கருதிவிடக் கூடாது. அமெரிக்கத் தரவரிசையில் 13 வயதுக்கு மேற்பட்டோருக்கும், ஐரோப்பியத் தரவரிசையில் 16 வயதுக்கு மேற்பட்டோருக்கும் உரியதாக இது குறிக்கப்பட்டுள்ளது.

மதிப்பீடு

இந்த ஆட்டத்தில் ஒரு சவால் உண்டு: ஒரு மணி நேரத்துக்குள், ஒருமுறைகூட இறக்காமல் முடிப்பவருக்குத் தனிப் பதக்கம் கிடைக்கும். முதல்முறை விளையாடுபவருக்கு இது நடக்க முடியாத காரியமாகத் தோன்றும். ஆனால் பலர் இதைச் செய்து முடித்திருக்கிறார்கள். விதிகள் நிலையானவை, கண்ணுக்கும் காதுக்கும் எட்டுபவை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அதே சமயம், எல்லா விதியும் தெரிந்த பின் ஜானிட்டர் பயமுறுத்துவதில்லை. அவன் கடக்க வேண்டிய ஒரு தடை மட்டுமே ஆகிறான். கற்பிக்கும் திகில் விளையாட்டு எதற்கும் உள்ள எல்லை இது. கற்பித்து முடித்ததும் திகில் தீர்ந்துவிடுகிறது.

லிட்டில் நைட்மேர்ஸ் இந்த எல்லையை அறிந்தே பசியை வைத்திருக்கிறது எனலாம். எதிரிகள் மீதான அச்சம் விளையாட விளையாடக் குறைகிறது. சிக்ஸ் மீதான அச்சம் கூடுகிறது. நிழல் எங்கே விழும், பலகை எங்கே கிறீச்சிடும் என்று எல்லாம் அறிந்து இரண்டாம் முறை விளையாடுபவரும், நோம் சாசேஜை நீட்டும் அறைக்கு வந்ததும் சற்றுத் தயங்கி நிற்கிறார். அந்த அறையில் எதிரி யாரும் இல்லை.